அண்ணன் வீட்டுப் பெட்டியும் நூற்றெட்டாம் நம்பரும்

அண்ணன் வீட்டுக் கார் கிளம்பும் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடும். கார் வைத்திருக்கிறாரே என்ற பொறாமை இல்லை. அந்தக் கார் தெருமுனை திரும்புவதற்குள் என் மகளின் கம்ப்யூட்டரில் நெட் நின்றுவிடும். ஏதோ ஒரு நாள் அப்படி நடந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் நடந்தால் என்ன நினைப்பது? கூடப் பிறந்தவர் மேல் பழி போட எனக்கு ஆசையா என்ன? ஆனால் கண்ணுக்கு முன்னால் நடப்பதை எப்படி இல்லை என்று சொல்வது?

அப்பா போன பிறகு வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டோம். அவர் ஓட்டிய லாரியை விற்றதில் தொடங்கிய மனத்தாங்கல், சுவர் எழும்பியபோது முற்றிவிட்டது. மேற்குப் பாதி அண்ணனுக்கு, கிழக்குப் பாதி எனக்கு. ஆழ்துளைக் கிணறு என் பாதியில் விழுந்தது. தண்ணீர் இரண்டு வீட்டுக்கும் பொது என்று சொந்தக்காரர்கள் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். என் மோட்டாரிலிருந்து அவருடைய தொட்டிக்கு ஒரு குழாய் போகிறது.

நெட் அதற்குப் பல வருடம் கழித்து வந்தது. எங்கள் தெருக் கம்பத்தில் கம்பெனிக்காரர்கள் மாட்டியிருந்த டப்பாவில் ஒரே ஓர் இணைப்புக்குத்தான் இடம் மிச்சம் இருந்தது. அதை அண்ணன் வாங்கிவிட்டார். எனக்கு அப்போது நெட் எதற்கு? நாமக்கல்லிலிருந்து சேலம் போகிற ரோட்டில் லாரிகளுக்குத் தார்ப்பாயும் கயிறும் விற்கிற கடை என்னுடையது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். காலையில் முருகனுக்கு விளக்கேற்றி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு கடைக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவேன். போனில் வருகிற நெட்டே எனக்கு அதிகம்.

மகள் கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கே வந்து தங்கியபோதுதான் நெட்டுக்கு அவசியம் வந்தது. மாப்பிள்ளை போர் போடுகிற ரிக் வண்டியில் சத்தீஸ்கர் பக்கம் இருக்கிறார். மழைக்காலத்தில்தான் ஊர் திரும்புவார். மகள் கல்யாணத்துக்குப் பிறகு சேலத்துக்குப் போய்ப் படித்து, மெடிக்கல் கோடிங் வேலையில் சேர்ந்தாள். அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் யாருக்கு என்ன வைத்தியம் பார்த்தார்கள் என்பதைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய குறியீட்டைப் போடுகிற வேலை. சென்னைக் கம்பெனி. வீட்டிலிருந்தே செய்யலாம். சம்பந்தி வீட்டில், கைக்குழந்தைக்காரிக்கு வேலை எதற்கு என்று பலர் முன்னால் கேட்டார்கள். அவள் வேலையில் சேர்ந்து காட்டினாள். அவளுக்கு அந்த வேலை எவ்வளவு முக்கியம் என்று அன்று புரிந்துகொண்டேன்.

நான் போய் அண்ணனிடம் கேட்கமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அவளே போய்க் கேட்டாள். அண்ணன் உடனே சரி என்றார். அதையும் சொல்லிவிட வேண்டும். நடுச்சுவரில் ஒரு துளை போட்டு, அவர் வீட்டு வைஃபை பெட்டியிலிருந்து ஒரு கேபிள் எங்கள் பக்கம் வந்தது. மகளுடைய மேசையில் இருந்த கம்ப்யூட்டரில் அதைச் சொருகினார்கள். வைஃபை சிக்னலும் சுவரைத் தாண்டி ஓரளவு வரும், போனுக்கு அது போதும்.

ஒரு சர்வீஸ் கடைக்காரரைக் கூட்டிவந்து கம்ப்யூட்டரைச் சரிபண்ணி வைத்தேன். பெட்டி ஒவ்வொரு சாதனத்துக்கும் தானாக ஒரு நம்பர் கொடுக்கும் என்றும், ஐ.பி. நம்பர் என்று அதைச் சொல்வார்கள் என்றும், அது மாறிக்கொண்டே இருந்தால் வேலையில் இடைஞ்சல் வரலாம், கையால் ஒரே நம்பராகப் போட்டுவிட்டால் நல்லது என்றும் அவர் சொன்னார். கடைசி எண் மட்டும் நம் இஷ்டம், என்ன போடட்டும் என்று கேட்டார்.

நாங்கள் லாரிக்காரர் பெற்ற பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் புது வண்டி எடுத்தால், நம்பரைக் கூட்டினால் ஒன்பது வருகிறதா என்று பார்க்காமல் ரோட்டில் இறக்கமாட்டார்கள். எட்டு வந்தால் சனி என்று பயம். அப்பா ஒன்பதுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர். நூற்றெட்டைக் கூட்டினால் ஒன்பது. அதோடு அது போற்றி சொல்கிற எண்ணிக்கை. மகளுடைய வேலைக்கு இதைவிட நல்ல நம்பர் எது? நூற்றெட்டு போடுங்கள் என்றேன். அவரும் போட்டார். நான் கம்ப்யூட்டருக்கு ஒரு கற்பூரம் காட்டினேன்.

ஆரம்பத்தில் தொந்தரவு இல்லை. தைமாதக் கடைசியில் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் திருட்டு நடந்த பிறகுதான் இந்தக் கஷ்டம் தொடங்கியது. அண்ணன் வீட்டு வாசலில் கேமரா மாட்டினார்கள். அது என் வாசலையும் பார்க்கிற மாதிரி திரும்பியிருந்தது. அதில் எனக்கு ஏற்கெனவே ஒரு கடுப்பு. அதே சமயத்தில்தான் மகளின் நெட் விழ ஆரம்பித்தது. வரும், போகும், திரும்ப வரும், ஒரேயடியாக நின்றுவிடும். அவள் சென்னைக் கம்பெனிக்குப் போன் செய்வாள். உங்கள் லைன் சரியில்லை, வேறு லைன் வாங்குங்கள் என்பார்கள். அண்ணன் குடும்பம் வீடு திரும்பிக் கதவைத் திறந்த கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும்.

இதைக் கவனித்தது நான்தான். கடைக்குக் கிளம்ப நேரமான நாட்களில், வாசலில் நின்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அண்ணி பூட்டுப் போடுகிற சத்தம், கார் கிளம்புகிற சத்தம், உள்ளே மகள் உச்சுக் கொட்டுகிற சத்தம். இந்த வரிசை மாறவே இல்லை. போகும்போது எங்கள் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் போகிறார்கள், வந்ததும் சொருகுகிறார்கள். வேறு என்ன இருக்க முடியும்?

கம்பெனியில் மகளுக்கு மேலதிகாரியாக இருந்த அம்மாள் கடைசியாக ஒன்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை ஒரு பரிசோதனை இருக்கிறது, அரைநாள் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க இவள் வேலை செய்து காட்ட வேண்டும், அதில் லைன் விழுந்தால் அடுத்த மாதத்திலிருந்து சென்னை ஆபீசுக்கு வந்து வேலை செய்ய வேண்டும். பேத்திக்கு இன்னும் பால்குடி மறக்கவில்லை. அவளை விட்டுவிட்டு ஹாஸ்டலில் போய் இருக்க வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும். மகள் அதை என்னிடம் அழாமல் சொன்னாள். அழுதிருந்தால் நான் கொஞ்சம் தாங்கியிருப்பேன்.

மறுநாள் காலை குளித்துவிட்டு, சாமி கும்பிட்ட கையோடு அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றேன். எங்கள் பக்கத்தில் சண்டை போட்டாலும் பேச்சில் மரியாதை குறையாது. திட்டுவதையும் ங்க போட்டே திட்டுவோம்.

"ஏனுங்கண்ணா, நீங்க காரை எடுக்கறப்பெல்லாம் எங்கூட்டு நெட்டு நின்னு போகுதுங்களே, அது எப்படீங்க?"

அண்ணன் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "காருக்கும் நெட்டுக்கும் என்னடா சம்பந்தம்? ஒயரைக் காருக்குப் பின்னால கட்டியா இழுத்துட்டுப் போறேன்?"

உள்ளே இருந்து அண்ணி சேர்ந்துகொண்டார். "அப்படி ஏதாச்சும் இருந்தாச் சொல்றமுங்க கொழுந்தனாரே. போற எடத்துல, நெட்டையும் கூட்டிட்டு வந்துருக்கறோம், அதுக்கும் ஒரு எலை போடுங்கன்னு கேக்கறோம்."

புள்ளையோட பொழப்புங்க, விளையாடாதீங்க என்று சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அண்ணன் எழுந்து என்னை உள்ளே கூப்பிட்டார். சாமிப் படங்கள் இருக்கிற அலமாரியின் கீழ்த்தட்டில் வைஃபை பெட்டி இருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் நெற்றியில் காய்ந்திருந்தன. பச்சை விளக்கு எரிந்தது. எங்கள் கேபிள் அதில் சொருகித்தான் இருந்தது. பக்கத்தில் கேமராவின் கறுப்புப் பெட்டி அணைந்து கிடந்தது.

"பாரு. லைட்டு எரியுதா? ஒயரு இருக்குதா? நான் தொடறதில்ல. தூசி தட்டறதுக்குக்கூட உங்க அண்ணி பயப்படறா."

"இப்ப எரியுதுங்க. நீங்க போனப்பறம் எரியுதான்னு எனக்கு எப்படீங்க தெரியும்?"

அண்ணன் என் நெற்றியைப் பார்த்தார். "மேல பூரா திருநீறு. உள்ள பூரா சந்தேகம். எத்தனை தடவை கும்பிட்டு என்னடா ஆச்சு உனக்கு?"

அவர் என்னைச் சொன்னதை விட்டுவிடுவேன். என் பக்தியைத் தொட்டதை விட முடியவில்லை. அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுதவில்லை. அதிலும் ங்க இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

பரிசோதனைக்கு முந்தின நாள் மறுபடியும் கார் கிளம்பியது. திருச்செங்கோட்டு மலைக்கு என்று பிறகு தெரிந்தது. மகள் கீ போர்டைத் தள்ளி வைத்துவிட்டு மேசையில் தலை சாய்த்துக்கொண்டாள். பேத்தி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். யாரோ தனக்குச் செய்ததைப் பார்த்து அது கற்றுக்கொண்டது. நான் நேராக மோட்டாரிடம் போனேன். அண்ணன் தொட்டிக்குப் போகிற குழாயில் ஒரு வால்வு இருக்கிறது. அதை இறுக மூடினேன். மூடிவிட்டு, முருகா நீ பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாய் என்றேன். அண்ணன் நெட்டை அடைத்தார், நான் தண்ணீரை அடைத்தேன். இதில் ஏதும் கணக்கு உதைப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மாலையில் அண்ணி பின்பக்கத்து வேலியோரம் வந்து, தொட்டி காலியாக இருக்கிறது, மோட்டார் போடவில்லையா என்று என் மனைவியிடம் கேட்டார். அவர்கள் இரண்டு பேரும் எங்கள் சண்டைக்கு நடுவிலும் கறிவேப்பிலையும் மோரும் பரிமாறிக்கொள்வார்கள். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அங்கிருந்தே பதில் சொன்னேன்.

"மோட்டார் லைட்டெல்லாம் எரியுதுங்க. வேணும்னா அண்ணனை வந்து பாக்கச் சொல்லுங்க."

அண்ணி என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார். அவர் முகத்தில் அப்போது சிரிப்பு இல்லை. ராத்திரி என் மனைவி வேலிக்கு மேலே நாலு குடம் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நான் கடையைத் திறக்கவில்லை. மகள் தலைக்குக் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தாள். நான் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் இருந்தேன். பரிசோதனை நன்றாகத்தான் போனது. திரையில் இருந்த அம்மாள் இரண்டொரு கேள்வி கேட்டார், இவள் இங்கிலீஷில் பதில் சொன்னாள். பிறகு பக்கத்து வீட்டில் பூட்டுப் போடுகிற சத்தம் கேட்டது. அண்ணியின் சொந்தத்தில், பரமத்தி வேலூரில் அன்று ஒரு கல்யாணம். கார் கிளம்பியது. நான் கண்ணை மூடிக்கொண்டு சரவணபவா என்றேன்.

திறந்தபோது திரை அப்படியே உறைந்து நின்றது. அந்த அம்மாளின் வாய் பாதி திறந்தபடி இருந்தது.

நான் எழுந்துவிட்டேன். பூட்டை உடைத்துக்கொண்டு உள்ளே போய், அவர்கள் ஒயரைப் பிடுங்கியிருப்பதைப் படம் பிடிக்கப்போகிறேன் என்று சொன்னேன். கடப்பாரை எங்கே என்று மனைவியைக் கேட்டேன். மகள் என்னைப் பார்க்கவே இல்லை. கையில் போனை எடுத்துக்கொண்டு, அந்த அம்மாளுக்கு, லைன் போயிற்று, கொஞ்சம் பொறுங்கள் என்று செய்தி அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் ஏதோ உறைத்து அப்படியே நின்றாள்.

"அப்பா, என்ர போன்ல சிம் நெட்டை அணைச்சு வெச்சுருக்கறேன். பெரீப்பா ஊட்டு வைஃபைலதான் இந்த மெசேஜ் போச்சுங்க."

அதனால் என்ன என்றேன்.

"பெட்டி வேலை செய்யுதுங்கப்பா. யாரும் எதையும் புடுங்கல. நம்ம கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் போகுது."

எனக்கு அது காதில் ஏறவில்லை. அவள் கேபிளைக் கழற்றித் திரும்பச் சொருகினாள். எதுவும் மாறவில்லை. பிறகு கம்ப்யூட்டரையே அணைத்தாள். ஸ்விட்ச் வரைக்கும் அணைத்தாள். போனில் ஏதோ ஓர் ஆப் இருக்கிறதாம், ஒரு நம்பரைக் கொடுத்தால் அந்த நம்பர் உயிரோடு இருக்கிறதா என்று கூப்பிட்டுப் பார்க்கும். அதில் எங்கள் கம்ப்யூட்டரின் நம்பரைப் போட்டாள். அணைந்து கிடக்கிற கம்ப்யூட்டரிலிருந்து பதில் வரக்கூடாது. ஆனால் வந்தது. ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் வந்தது.

நான் சட்டென்று சாமி அறையைப் பார்த்தேன். செய்வினையோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன், பொய் சொல்லக்கூடாது.

"நூத்தியெட்டுல வேற யாரோ இருக்கறாங்கப்பா," என்றாள் மகள். ஒரே நம்பர் பிளேட்டோடு இரண்டு லாரி ரோட்டில் ஓடினால் செக்போஸ்ட்டில் எப்படிக் குழம்புவார்களோ, அப்படிப் பெட்டி குழம்புகிறது, எங்களுக்கு வர வேண்டியதை அங்கே அனுப்புகிறது என்றாள். பெரியப்பா வீட்டில் ஆள் இல்லாதபோது மட்டும் ஓடுகிற மிஷின் எது என்று கேட்டாள்.

பதில் சொன்னது என் மனைவி. அடுப்படி வாசலில் நின்று, சர்வசாதாரணமாகச் சொன்னாள். "கேமராதான். ஆளு இருக்கறப்ப அது ஓடறது கரண்டுக்குத் தண்டம்னு உங்க பெரீப்பா அணைச்சுப்போடுவாரு. ஊட்டைப் பூட்டறப்பத்தான் போட்டுட்டுப் போவாங்க. அக்கா சொல்லி எத்தனை நாளாச்சு."

மகள் அண்ணனுக்குப் போன் போட்டாள். லவுடு ஸ்பீக்கரில் நாதஸ்வரமும் தவுலும் முதலில் வந்தன, பிறகு அவர் குரல். கேமரா மாட்டியவர் அதற்குக் கையால் நம்பர் ஏதாவது போட்டாரா என்று கேட்டாள்.

"போட்டான் சாமி. போன்ல பாக்கறதுக்கு நம்பர் மாறாம இருக்கோணும், கடைசி நம்பர் என்ன வேணும்னு கேட்டான். நூத்தியெட்டு போடுன்னேன். கூட்டினா ஒம்பது வருதல்லோ. ஏஞ் சாமி?"

மகள் என்னைப் பார்த்தாள். என் மனைவியும் பார்த்தாள்.

இரண்டு பேர் ஒரே நம்பரில் இருக்க முடியாது, ஒருவர் மாற்ற வேண்டும் என்று அவள் விளக்கினாள்.  "உங்கப்பனை மாத்தச் சொல்லு," என்றார் அண்ணன்.

நான் போனுக்குப் பக்கத்தில் போனேன். "நான் எதுக்குங்க மாத்தோணும்? நான் முன்னாடியே போட்டது. அது சாமி நம்பருங்க."

"எனக்கு மட்டும் அது எமன் நம்பரா? பெட்டி என்ர பேர்ல இருக்குது. ஒயரைப் புடுங்கினேன்னு வாசல்ல வந்து நின்னு கேட்டே. இப்பச் சொல்லு, யாரு புடுங்கினது?"

"கேமராவை எங்கூட்டு வாசலைப் பாக்கற மாதிரி வெச்சது யாருங்க?"

அண்ணி அந்தப் பக்கம், கல்யாண வீட்டில் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று சொல்வது கேட்டது. தாலி கட்டும் நேரம் போலிருக்கிறது, கெட்டிமேளம் கொட்டினார்கள். அந்தச் சத்தத்தை மீறி அண்ணன் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார், நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். மகள் போனைக் கட் பண்ணினாள். கம்ப்யூட்டரை உயிர்ப்பித்து, எங்கேயோ போய் ஒரு பொத்தானை மாற்றினாள். கையால் போட்ட நம்பரை எடுத்துவிட்டேன், இனிமேல் பெட்டி எதைக் கொடுக்கிறதோ அதுதான் என்றாள்.

"எட்டு வந்துரப் போகுது சாமி," என்று மகளிடம் சொன்னேன்.

"அப்பா, கொஞ்சம் வெளிய இருங்க." கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரை உயிர் பெற்று, அந்த அம்மாள் விட்ட இடத்திலிருந்து பேசுவது கதவுக்கு வெளியே கேட்டது. பரிசோதனையை முடித்துவிட்டுத்தான் அவள் வெளியே வந்தாள். சென்னைக்கு வரச் சொல்லவில்லை. ஆனால் ஒரு மாதம் கவனிப்பார்களாம். கேபிள் சொருகித்தான் வேலை செய்ய வேண்டும், அந்த ஒரு மாதத்தில் லைன் விழவே கூடாது.

அண்ணன் வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரிந்தவுடன் என் கோபம் இறங்கியிருக்க வேண்டும். எனக்கே அது ஆச்சரியம்தான், இறங்கவில்லை. அது முழுசாக அப்படியே இருந்தது. இத்தனை நாள் அதற்கு ஒரு காரணம் இருந்தது, இப்போது அது மட்டும் இல்லை. வால்வு ஞாபகம் வந்தது. போய்த் திறக்கலாம் என்று எழுந்தேன். அவர் போனில் பேசிய பேச்சு ஞாபகம் வந்து, திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.

கல்யாணத்திலிருந்து அவர்கள் தனியாகத் திரும்பவில்லை. அண்ணியின் அக்காள் குடும்பமும் கூட வந்தது. சாப்பிட்டு வந்தவர்கள் கால் கழுவத் தண்ணீர் இல்லை. குழாயைத் திறந்து திறந்து மூடுகிற சத்தம் எங்கள் பக்கம் கேட்டது. பிறகு அண்ணன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் வாசலுக்குள் வந்தார். சுவர் வைத்த பிறகு அவர் என் பாதிக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. என்னைத் தாண்டி மோட்டாரிடம் போனார். வால்வைத் தொட்டுப் பார்த்தார். மூடியிருப்பது அவருக்குத் தெரிந்தது. திறக்கவில்லை.  திரும்பிப் போய்விட்டார்.

அவர் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். அத்தோடு போயிருக்கும்.

கொஞ்ச நேரத்தில் நடுச்சுவர்த் துளை வழியாக எங்கள் கேபிள் பாம்பு வளைக்குள் போவது போல உள்ளே இழுபட்டது. மகளின் மேசை அருகே அது போவதை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து கொத்துக்கரண்டி உரசுகிற சத்தம். துளையில் சிமெண்டுக் கலவையைத் திணித்துப் பூசிவிட்டார். ஈரமான சிமெண்டு எங்கள் பக்கம் கொஞ்சம் பிதுங்கி வழிந்தது.

பிறகு வாசலில் நின்று என் மகளைக் கூப்பிட்டார். தெருவே கேட்கிற மாதிரிப் பேசினார்.

"சாமி, நாளைல இருந்து இங்க வந்து உக்காந்து வேலை செய். பெட்டிக்குப் பக்கத்துலயே மேசை போட்டு வெக்கறேன். கேமரா நம்பரையும் நீயே எதுக்கோ மாத்திப்போடு. உங்கப்பன் ஊட்டுக்கு என்ர ஒயரு இனி வராது. உனக்கு உண்டு."

போகக்கூடாது என்று நான் சொன்னேன். நமக்கென்று தனி இணைப்பு வாங்கித் தருகிறேன் என்றேன். நெட் கம்பெனிக்காரர்களிடம் அடுத்த நாளே போனேன். டப்பாவில் இடம் இல்லை, யாராவது விட்டால்தான் என்றார்கள். மகள் என்னோடு வாதாடவில்லை.

"எனக்கு இந்த மாசம் லைன் விழக்கூடாதுங்கப்பா," என்றாள். கம்ப்யூட்டரை ஒரு போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். அதன் திரையைத் தூக்கிக்கொண்டு என் மனைவி பின்னால் போனாள். பேத்தி மவுசின் ஒயரைப் பிடித்துக்கொண்டு போனாள்.

அன்று நான் வால்வைத் திறந்தேன். அண்ணனுக்காகத் திறக்கவில்லை என்பது அவருக்கும் தெரியும். என் பேத்தி பகல் முழுவதும் அந்த வீட்டில் இருக்கிறாள், அவளைக் குளிப்பாட்ட வேண்டும், அவளுக்குச் சோறு பிசைகிற கையைக் கழுவ வேண்டும். அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் விடாமல் எப்படி இருப்பேன்? இனி என்னால் எந்தக் காலத்திலும் அதை மூட முடியாது. இதை நினைத்துத்தான் அவர் மேசை போட்டாரா, பிள்ளை மேல் உள்ள பாசத்தில் போட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. முருகனிடம் கேட்டுப் பார்த்தேன். அவனும் சொல்லவில்லை. டப்பாவில் ஓர் இடம் காலியாக வேண்டும் என்று கிருத்திகை விரதம் இருந்தேன். அதுவும் நடக்கவில்லை.

பகலில் என் பாதி வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. மகள் போனாள், குழந்தை கூடப் போனது, குழந்தையைப் பார்க்க என் மனைவி போனாள். சோறு ஆக்கி வைத்துவிட்டு அவளும் அங்கேயே இருந்துவிடுகிறாள். மத்தியானம் கடையிலிருந்து வந்து, மகளுக்குச் சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு போவது என் வேலை. அண்ணன் வீட்டுச் சோற்றை என் மகள் சாப்பிடக்கூடாது என்பது நான் வைத்த விதி. அவள் எனக்காக அதை ஒப்புக்கொண்டாள். பேத்தி ஒப்புக்கொள்ளவில்லை, இரண்டு வீட்டிலும் சாப்பிடுகிறாள்.

முதல் நாள் கேரியரோடு போனபோது வாசல் நடையில் அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாக இருந்தது. அவர் அதைக் காட்டவில்லை, நான் அதைப் பார்க்கவில்லை. உள்ளே சாமி அலமாரிக்குப் பக்கத்தில் மகள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, திரையைப் பார்த்து இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள். தடங்கல் இல்லாமல் பேசினாள். என் மடியில் இருந்தபோது ஒரு நாளும் சும்மா இருக்காத பேத்தி, அண்ணியின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

சாமி, சோறு கொண்டாந்துருக்கறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அண்ணி உதட்டில் விரலை வைத்தார். கிட்டே வந்து, குழந்தை எழாத குரலில் சொன்னார். "பேசாதீங்க கொழுந்தனாரே. அந்தம்மா லைன்ல இருக்கறாங்க."

அண்ணனும் தன் போனைச் சத்தம் வராமல் அணைத்து மடியில் வைத்திருந்தார். அவர் நடத்துகிற லாரி புக்கிங் ஆபீசிலிருந்து யாரோ அழைப்பதில் அதன் வெளிச்சம் வந்து வந்து போனது. அவர் எடுக்கவில்லை. நான் நடையில் ஓரமாக நின்றேன். கேரியரின் கைப்பிடி விரலில் அழுந்தியது. கீழே வைத்தால் சத்தம் கேட்கும் என்று, அவள் பேசி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டே நின்றேன்.